தப்பிய கணக்கு: பருவம் மாறுவதைச் சிறுகதையாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

காலநிலையை வைத்து எழுதப்படும் சிறுகதைகள் பலவும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. மழை வருகிறது, வெள்ளம் வருகிறது, எல்லாம் போகிறது, கடைசிப் பத்தியில் ஒரு பெரியவர் மரம் நடச் சொல்கிறார். கதையில் மழை இருக்கிறது, மரம் இருக்கிறது, பருவம் மட்டும் இல்லை. எது எப்போது வந்திருக்க வேண்டும் என்பதே வாசகருக்குத் தெரியாதபோது, வந்தது ஏன் தப்பு என்பதும் அவருக்கு உறைக்காது.

நம் ஊர்களில் பருவத்தை மக்கள் கணக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆவணியில் நாற்று விட்டால் தையில் அறுக்கலாம். தையில் அறுத்தால் மாசியில் நகையை மீட்கலாம். நகை வந்தால் வைகாசியில் கல்யாணம் வைக்கலாம். வானம் பிசகும்போது முதலில் அறுபடுவது இந்தச் சங்கிலிதான். வயலும் வீடும் மூழ்குவதற்கு முன்பே கணக்கு மூழ்கிவிடுகிறது. காலநிலைக் கதைக்கு அந்தக் கணக்கு தப்பும் நாளே போதுமான கரு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்து சேரும்.

சுமார் 2,000 சொல்லில் ஒரு சிறுகதையை எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குக் காவிரி டெல்டாவின் சம்பா அறுவடை. களவேலைக்கு இரண்டு வாரம், எழுத ஒரு வாரம், ஆறப்போட இன்னும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள், திருத்தம் அதன் பிறகு.

படி 1: இடத்தைக் குறுக்குங்கள்

‘டெல்டா’ என்பது ஒரு கதைக்கான இடம் ஆகாது, ‘கடற்கரை’யும் ஆகாது. அரைமணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய அளவுக்கு இடத்தைச் சுருக்குங்கள்: ஒரு வாய்க்கால், அதன் இரு கரையிலும் உள்ள சில வயல்கள், ஒரு களம், அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம், நடுவில் ஒரு டீக்கடை. கதை முழுவதும் இதற்குள் நடந்தால் போதும்.

இடத்தை மனதில் நிறுத்த, தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் பாகுபாட்டைவிடக் கைக்கு அடக்கமான கருவி வேறு கிடைப்பது அரிது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் உயிர்கள், உணவு, தொழில், பறை, தெய்வம் எல்லாம் கருப்பொருள். மனிதருக்குள் நடப்பது உரிப்பொருள். ஒரு தாளை மூன்றாக மடித்து, மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் முதல் பத்தி: மருத நிலம், தை பிற்பகுதி, விடியற்காலை. இரண்டாவது: 1009 ரக நெல், தார்ப்பாய், பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்), கொக்கு, டீசல், ஈரப்பதம் பார்க்கும் கருவி. மூன்றாவது: அடகில் இருக்கும் நகை, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசாமல் இருப்பது.

பாலையைப் பற்றிச் சிலப்பதிகாரம் சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நடுங்கும்படியான துயரைத் தருகையில் அதுவே பாலை. நிலம் தன் இயல்பிலிருந்து திரிவதைப் பேசும் சொல் நம்மிடம் நெடுங்காலமாகவே உண்டு. கதையில் நீங்கள் எழுதப் போவதும் ஒரு திரிபைத்தான். அதனால் திரிவதற்கு முன் இருந்த இயல்பை முதலில் துல்லியமாகப் பிடிக்க வேண்டும்.

படி 2: பருவக் கணக்குத் தாள்

இந்த வேலையில் அதிக நேரம் கேட்பது இந்தப் படிதான், கதையைத் தாங்குவதும் இதுதான்.

சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு வரிசை போடுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று கட்டம்: வழக்கமாக என்ன நடக்கும், அதற்காக மனிதர்கள் முன்கூட்டி என்ன செய்வார்கள், அதை நம்பி என்ன வாக்குக் கொடுத்திருப்பார்கள். மூன்றாவது கட்டம்தான் கதையின் விளைநிலம். பலர் அதை நிரப்பாமலே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

டெல்டாவுக்கு அந்தத் தாள் ஏறக்குறைய இப்படி வரும். மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. குறுவை என்ற குறுகிய காலப் பயிர் அதை நம்பியது. சம்பாவுக்கு 1009 போன்ற நீண்ட வயது ரகம் என்றால் 155 முதல் 160 நாள். ஆவணியில் நாற்றங்கால், புரட்டாசியில் நடவு, தைக் கடைசியில் அறுவடை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய, மாநிலச் சராசரி சுமார் 44 செ.மீ. ஐப்பசி அடைமழையும் கார்த்திகைக் கனமழையும் பயிருக்கு வேண்டியவை. மார்கழியோடு மழை ஓய வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியோடு வரும் வெயிலில்தான் கதிர் முற்றிக் காய்கிறது. அறுப்புக்குப் பத்து நாள் முன்பே வயலில் தண்ணீரை வடித்துவிடுவார்கள்.

இப்போது பிசகைப் போடுங்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் நடந்ததுபோல, தண்ணீர் வடித்துக் காய்ந்த வயலில், தலை கனத்து நிற்கும் கதிர்மேல் இரண்டு மூன்று நாள் மழை. பயிர் சாய்கிறது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் சில நாளில் மணி முளைவிடுகிறது. டயர் வண்டி வயலில் இறங்காது, வாடகை அதிகமான பெல்ட் வண்டிதான் இறங்கும். சாய்ந்த பயிரை அறுக்க அதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும், வாடகையோ மணிக் கணக்கு. அறுத்த நெல்லில் ஈரம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்குமேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள், அந்த வரம்பை உயர்த்தும் தளர்வு ஆணை வந்தால்தான் உண்டு. களத்தில் காயவைத்தால் இரவுப் பனி இறங்குகிறது. தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே புழுங்கி முளை இன்னும் வேகமாகிறது.

மழை ஒன்றுதான். ஆனால் அது எத்தனை கணக்குகளின் வழியாக இறங்குகிறது பாருங்கள்: வண்டி வாடகை, ஈரப்பதம், தளர்வு ஆணை, நகை ஏலத் தேதி. ‘மழை பயிரை அழித்தது’ என்ற ஒற்றை வரியில் இவை அத்தனையும் காணாமல் போகின்றன.

படி 3: எண்களைச் சரிபாருங்கள், பிறகு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மழை அளவு, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. ஆகவே ‘3ஆம் தேதி 12 செ.மீ.’ என்று பதிவில் இருந்தால், அந்த மழையில் பெரும்பகுதி 2ஆம் தேதி இரவே பெய்திருக்கலாம். இரவுக் காட்சி எழுதுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் கதையின் நாள் ஒன்று புரண்டுவிடும். கனமழை என்பது 64.5 மி.மீ. முதல் 115.5 வரை, மிக கனமழை 204.4 வரை, அதற்கும் மேல் அதி கனமழை. கதைசொல்லியின் குரலில் இச்சொற்களை அளவு தெரியாமல் இறைக்காதீர்கள்.

எண்ணைக் கண்ணுக்குத் தெரிய வைக்க ஒரு எளிய கணக்கு உண்டு. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். அந்த ஏக்கரில் 10 செ.மீ. பெய்தால் நாலு லட்சம் லிட்டருக்குமேல், அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் சுமார் முப்பத்து நான்கை வரிசையாக நிறுத்திக் கொட்டியதற்குச் சமம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாள் பதிவில் சுமார் 95 செ.மீ. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் அந்த ஊரைப் பற்றி எழுதும்போது ‘பேய்மழை’ என்று எழுதிவிட்டு நகர மாட்டார். ஓட்டு வீட்டின் கூரைச் சட்டம் எவ்வளவு தாங்கும், தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியேற வேண்டும் என்றுதான் யோசிப்பார்.

ஒரு புயலை, ஒரு வெள்ளத்தைக் காட்டி ‘இதுதான் காலநிலை மாற்றம்’ என்று பாத்திரம் சொல்லலாம். கதைசொல்லி சொன்னால் அது தவறான உறுதி. வானிலை என்பது இன்றைக்கு நடப்பது, காலநிலை என்பது முப்பது ஆண்டுச் சராசரி. உறுதியாகத் தெரிந்தவையும் உண்டு. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அது கொட்டும்போது கூடுதலாகவே கொட்டும். 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் பூமியின் மேற்பரப்பு, 1850–1900 காலத்தைவிடச் சுமார் 1.1 பாகை கூடுதல் வெப்பத்தில் இருந்தது. அதே நேரத்தில் வாய்க்காலைத் தூர்வாராததும், ஏரிக்குள் மனை போட்டதும், வடிகாலை அடைத்ததும் மனிதர் கைவேலை. பழி முழுவதையும் வானத்தின்மேல் போட்டால், வடிகாலை அடைத்தவர் கதையிலிருந்து தப்பிவிடுவார். இரண்டும் கலந்து நிற்கும் இடத்தை எழுதுங்கள். அது கடினம், ஆனால் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் கதைக்குள் ஒரே ஒரு எண்ணை விடுங்கள். எங்கள் கதையில் அது 17. அதை மூன்று முறை கொண்டுவரலாம்: முதல்முறை பேச்சுவாக்கில், இரண்டாம் முறை பயமாக, மூன்றாம் முறை கருவியின் திரையில்.

படி 4: கணக்கு யாருடையது?

நிலம் வைத்திருப்பவருக்கும் குத்தகைக்காரருக்கும் கூலிக்கு வருபவருக்கும் மழை ஒன்றுபோல் பெய்வதில்லை. நிவாரணத்துக்குப் பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்குமேலோ இருக்க வேண்டும் என்பது விதி. சேதத்தைக் கணக்கெடுக்கக் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் வருவார்கள். சாகுபடி செய்பவர் பெயர் அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிப் பதிவேட்டில், இருக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்கு அந்தத் தாள் இல்லை. நடவுக்கு வந்த பெண்ணுக்கோ, சேதம் எவ்வளவு ஆனாலும் பெயர் எழுத ஒரு கட்டமே கிடையாது. அறுப்பு வேலையும் இயந்திரத்துக்குப் போய்விட்ட நிலையில், சாய்ந்த பயிரைக் கையால் அறுக்க அந்த ஆண்டு மட்டும் அவருக்கு வேலை கிடைத்திருக்கலாம். ஒருவர் நட்டத்தில் இன்னொருவருக்கு நாலு நாள் கூலி. இந்த முரணை ஒரு பத்தியில் காட்டினால் போதும், கதை கருணைக் கோரிக்கையாகச் சரியாமல் நிற்கும்.

ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவருக்கு எந்தத் தேதிக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: “மாசி 10க்குள் வட்டி கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.” கதையின் எல்லாக் காட்சியும் அந்தத் தேதியை நோக்கி நகர வேண்டும். நகராத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறொரு கதைக்கானது.

படி 5: ஒரு பத்தியை உடைத்துத் திரும்ப எழுதுதல்

முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“வானம் பொத்துக்கொண்டதுபோல் மழை கொட்டித் தீர்த்தது. இயற்கை அன்னை தன் கோர முகத்தைக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெற்பயிர்கள் நீரில் மூழ்கின. விவசாயிகள் இரத்தக் கண்ணீர் வடித்தனர்.”

இதில் பார்ப்பவர் யார் என்று தெரியவில்லை. ‘கண்ணுக்கெட்டிய தூரம்’ என்பது மேம்பாலத்தில் நின்று பார்க்கும் கண். விவசாயிகள் என்ற பன்மை யாரையும் குறிப்பதில்லை. அன்னை, கோர முகம் என்றெல்லாம் மழைக்கு மனசு கொடுத்துவிட்டால் நடந்ததற்குக் கோபம் காரணமாகிவிடுகிறது. அடைபட்ட வடிகாலும் சூடேறிய கடலும் பார்வையிலிருந்து மறைகின்றன.

இனி அதே நிகழ்வை, கணக்கு வைத்திருக்கும் ஒருவரின் கையிலிருந்து:

“முத்துலட்சுமி தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளிருந்து வெதுவெதுப்பாகக் காற்று முகத்தில் அடித்தது. ஊறப்போட்ட விதைநெல் வாசனை. கையை மணிக்கட்டுவரை குவியலுக்குள் விட்டாள். மேல்நெல் சில்லென்றிருந்தது, உள்ளே சூடு. ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்தாள். நாலைந்து மணிகளின் நுனியில் வெள்ளையாக, ஊசிமுனை அளவுக்கு. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.

‘மாமா, எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?’

‘பதினொண்ணுக்கு. ஏம்மா?’

‘ஒண்ணுமில்ல.’ அந்தப் பிடியை அவள் குவியலில் திரும்பப் போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.”

மழை என்ற சொல்லே இதில் இல்லை. வேலை செய்வது வாசனை. ஊறப்போட்ட விதைநெல் வாசனை ஆவணியில் நாற்றங்காலுக்கு உரியது, நம்பிக்கையின் வாசனை. அது தைக் கடைசியில், அறுத்த நெல்லிலிருந்து வருகிறது. ஒரு மாதத்துக்கு உரிய வாசனை இன்னொரு மாதத்தில் வந்து நின்றதும் பருவம் பிசகிவிட்டது என்பதை அவள் மூக்கே சொல்லிவிடுகிறது. வாசகருக்கு இது உறைக்க வேண்டுமானால், கதையின் தொடக்கத்திலேயே ஆவணி நாற்றங்காலின் அந்த வாசனையை ஒரு வரியில் வைத்திருக்க வேண்டும். படி 2இல் போட்ட தாள் இதற்குத்தான்.

ஒவ்வொரு கதையிலும் இப்படி ஒரு ‘இடம் மாறிய புலன்’ கிடைக்கும், தேடுங்கள். கடலோரக் கிணற்றில் உப்பேறியதைச் சொல்ல ‘நிலத்தடி நீர் உவர்ந்தது’ என்று எழுத வேண்டாம். பருப்பு வேக எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போவதை, சோப்பு நுரைக்காததை எழுதுங்கள். வெயிலை எழுதுவது இன்னும் கடினம், ஏனென்றால் வெயிலில் எதுவும் அசைவதில்லை. மேஸ்திரியின் சட்டை முதுகில் உப்பு வரைந்த வெள்ளைக் கோடு காலை பத்து மணிக்கே தெரிகிறதா, மதியம்தானா என்பது போதும்.

படி 6: பெயர்களும் தேதிகளும் காட்டிக்கொடுக்கும்

வாசகர் நம்பிக்கை ஒரு சிறு பிழையில் போய்விடும். அடிக்கடி நேர்பவை சில.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மூணாறு மலைகளில் 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. கதை வேறொரு ஆண்டில் நடந்தால் அங்கே மலைச்சரிவு முழுவதையும் நீலமாக்கிவிடாதீர்கள். வடஇந்தியப் பெருங்கடலில் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்குப் பெயர் இல்லை, அதைப் பற்றிப் பேசும் பாத்திரமும் ‘அந்தப் புயல்’ என்றே சொல்லும். சீமைக்கருவேலம் இந்த மண்ணுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தது, பாளையக்காரர் காலத்துக் கதையில் அதன் முள் குத்தக் கூடாது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது, அதற்கு முந்தைய டெல்டா விவசாயி ஜூன் 12க்குக் காத்திருக்க மாட்டார், ஆற்றில் வெள்ளம் வருவதையே பார்த்திருப்பார்.

பறவை என்று பொதுவாக எழுதாமல் கொக்கா, நாரையா, உள்ளானா என்று எழுதுங்கள். ஆனால் ஒரு பக்கத்தில் பத்துப் பெயர் வந்தால் அது பட்டியல். பாத்திரத்தின் வேலைக்குத் தொடர்புள்ள பெயர் மட்டும் இருக்கட்டும். காற்றுக்கும் அப்படியே. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எல்லாம் அழகான சொற்கள். ஆனால் எந்தத் திசைக்காற்றுக்கு எந்தப் பெயர், எந்த மாதம் என்பது கடற்கரைக்குக் கடற்கரை மாறும். அந்த ஊரில் கேட்காமல் அகராதியிலிருந்து எடுத்தால், கட்டுமரக்காரர் ஒருவர் படித்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்.

படி 7: கேட்பது எப்படி

“காலநிலை மாறிவிட்டதா?” என்று கேட்டால், ஆமாம் என்ற பதிலும் தொலைக்காட்சியில் கேட்ட நாலு வாக்கியமும்தான் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்: கடைசியாக எந்த வருஷம் நீங்கள் நினைத்த தேதியில் அறுத்தீர்கள்? உங்கள் அப்பா இந்த மாதத்தில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருப்பார்? எந்த ரகத்தை விட்டுவிட்டீர்கள், ஏன்? இப்போது இந்த வயலில் உங்களுக்குப் பயமான மாதம் எது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பல நேரம் கதையின் தலைப்பாகிவிடும்.

மழை பெரிதாக இருந்ததாகவே நினைவு சொல்லும். பழைய ஆண்டுகளைப் பற்றிக் கேட்டதை மழைப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பாத்திரத்தின் வாயில் நினைவை விட்டுவிடலாம், கதைசொல்லியின் குரலில் வைக்காதீர்கள். கேட்டவரின் நட்டத்தை அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது. ஊர், உறவு, தொகை மூன்றையும் மாற்றுங்கள்.

உரையாடலில் ‘காலநிலை மாற்றம்’ என்ற தொடர் ஒருமுறை வந்தாலே அதிகம். “காலமே கெட்டுப்போச்சு”, “பட்டம் தப்பிப்போச்சு”, “தையில என்னத்துக்குண்ணே மழை?” என்றுதான் பேச்சு இருக்கும். கொள்முதல் நிலைய வாசலில் நடக்கும் பேச்சை எழுதும்போது கோபத்தை அளவோடு வையுங்கள். மறுநாளும் அந்த எழுத்தரிடம்தான் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“பத்தொம்பது காட்டுதுண்ணே.”

“இன்னொருக்கா பாருங்க தம்பி. அடியில அள்ளிட்டீங்க.”

“எங்க அள்ளினாலும் அதானே வரும்.”

“மேல அள்ளிப் பாருங்களேன்.”

கெஞ்சல் என்ற சொல் இல்லாமலே கெஞ்சல் வந்துவிட்டது.

படி 8: மெதுவாக நடப்பதை எழுதுதல்

மழை மூன்று நாள் பெய்கிறது. கடல் ஊரைத் தின்பதற்கு முப்பது ஆண்டு ஆகிறது. சிறுகதைக்கு முப்பது ஆண்டு பெரிய சுமை. ‘காலம் உருண்டோடியது’ என்று தாண்டினால் நடுவில் நடந்த இழப்பு முழுவதும் விழுந்துவிடும்.

ஒரு அளவுகோலை ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தாம்புக் கயிறு நீண்டுகொண்டே போவது. குளத்துப் படிக்கட்டில் தண்ணீர் நிற்கும் படி. வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் இருந்த தென்னைகளின் எண்ணிக்கை. ஒரே இடம், ஒரே தேதி, மூன்று வெவ்வேறு ஆண்டு என்று மூன்று சிறு காட்சிகளாக வைத்தால், நடுவில் விடுபட்ட காலத்தை வாசகரே நிரப்பிக்கொள்வார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பகுதியில் எழுதுகிறீர்கள் என்றால், தென்னையே கடிகாரம். நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு. மறு ஆண்டு நட்ட கன்றில் முதல் பாளை வெடிக்கும் நாளில் கதையைத் தொடங்கலாம். புயலை விவரிக்கவே வேண்டாம். அந்த ஆறேழு ஆண்டும் அந்த வீட்டில் யார் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பது போதும்.

படி 9: அளவும் முடிவும்

2,000 சொல்லில் வழமையைச் சொல்ல 300 முதல் 400 வரை கொடுங்கள். இதைக் குறைத்தால் பிசகு உறைக்காது, கூட்டினால் வாசகர் கலைந்துவிடுவார். மழை பெய்யும் காட்சிக்கு 250க்குமேல் வேண்டாம். மீதம் முழுவதும் மழைக்குப் பிந்தைய நாள்களுக்கு. விளக்கம் தரும் வாக்கியம் கதை முழுவதிலும் மூன்றுக்குமேல் போகக் கூடாது. பச்சைப் பென்சிலால் கோடிட்டு எண்ணிப் பாருங்கள், முதல் வரைவில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு பொருளாகவோ செயலாகவோ மாற்ற முடியும். மாற்ற முடியாதது கதைக்குத் தேவைப்படாததாகவே இருக்கும்.

முடிவில் இரண்டு குழிகள். எல்லாம் அழிந்தது என்று முடிப்பது, இளைஞர்கள் திரண்டு மாற்றினார்கள் என்று முடிப்பது. இரண்டிலும் அந்த மனிதர் காணாமல் போகிறார். அவருக்கு மறுநாள் உண்டு, மறு பட்டமும் உண்டு. அடுத்த ஆண்டுக்கு எந்த ரக விதை, நீண்ட வயதா குறைந்த வயதா, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற முடிவுக்கு அவர் வரும் கணம் கதையின் கடைசிக் காட்சிக்கு ஏற்றது. முத்துலட்சுமியின் முந்தானை முடிச்சில் இருக்கும் அந்த ஒரு பிடி நெல்லை அவள் என்ன செய்கிறாள் என்பதிலேயே கதை முடிந்துவிடலாம். கோழிக்குப் போடலாம், வாய்க்காலில் வீசலாம். கொல்லையில் தூவினாள் என்றால் நம்பிக்கை சற்று இனிப்பாகத் தெரியும், அதைத் தவிர்ப்பது நல்லது.

படி 10: திருத்தம்

இரண்டு வாரம் கழித்து எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். அடுத்து உரிச்சொற்களை மட்டும் தேடுங்கள்: கோரமான, பயங்கரமான, ரம்மியமான, பசுமையான. இவை நிற்கும் இடத்தில் பெரும்பாலும் நீங்கள் பார்க்காத ஒன்று இருக்கும். அங்கே களத்துக்குத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறகு அந்தத் தொழிலில் உள்ள ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அறுவடை வண்டி ஓட்டுநர், கொள்முதல் நிலையச் சுமைதூக்கும் தொழிலாளி, நடவுக்குப் போகும் அக்கா, யாராக இருந்தாலும் சரி. கருத்துக் கேட்க வேண்டாம், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். முகத்தைப் பாருங்கள். எங்காவது புருவம் சுருங்கினால், அல்லது “அப்படி இல்லீங்க, பெல்ட் வண்டி அந்த வரப்புல ஏறாது” என்று இடைமறித்தால், வாதாடாமல் அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். படித்து முடித்தபின் அந்தக் கோடுகளிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.